ஹெரால்டின் கூரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. தென்னந்தோப்பு, செம்மண் தரை, நடுவில் செக்கச்செவேலென்று ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. படத்துக்குக் கீழே நாலு வரி: "1967 ஹெரால்டு கன்வெர்டிபிள். ஒரிஜினல். முழுக்க ரீஸ்டோர் செய்தது. ரன்னிங் கண்டிஷன். ஏழேகால் லட்சம். நேரில் பேசலாம்." பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வீட்டில் அப்போது என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அனுப்பியவர் மேஸ்திரி. தாம்பரத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறவர். வயது எழுபதைத் தொடுகிறது. எந்த வண்டியையும் முதலில் காதால் பார்ப்பார், அப்புறம்தான் கண்ணால். படத்தோடு ஒரு குரல் பதிவும் இருந்தது. இரண்டே சொல்.

"ஒரிஜினலாம், தம்பி."

அந்த 'ஆம்' இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருந்தது. நம் மொழியில் ஒரு வாக்கின் வாலில் 'ஆம்' ஒட்டிவிட்டால் சொல்கிறவர் கை கழுவிவிட்டார் என்று அர்த்தம். நல்ல பையனாம். வாஸ்து பார்த்த வீடாம். ஒரிஜினலாம்.

எனக்கு ஹெரால்டு என்றால் பெரியப்பா. தாம்பரத்தில் மரக்கடை வைத்திருந்தார். 1978-ல் பழைய வண்டியாக ஒன்றை வாங்கினார், கிளிப்பச்சை, இரண்டு கதவு. கடை இருந்த சந்தில் இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அந்தச் சந்துக்குள் அம்பாஸடரைத் திருப்ப நாலைந்து முறை முன்னும் பின்னும் போய் வர வேண்டியிருக்கும். பெரியப்பா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஹெரால்டு நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றி வந்துவிடும். 25 அடி வட்டத்தில் திரும்புகிற வண்டி அது. லண்டன் டாக்ஸி திரும்புகிற அளவு. முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய குறுக்காக மடங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, வண்டி உடைந்துவிட்டது என்று கடையில் வேலை பார்த்த ஒருவர் ஓடி வந்ததாகப் பெரியம்மா சொல்வார்.

எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, வேறொன்று பிடிக்கும். பேனட். மற்ற கார்களில் பேனட் என்றால் ஒரு தகரத் தட்டு. ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டு, விளக்கு, கிரில் எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் ஒரே துண்டாக முன்னால் சாயும். முதலை வாயைத் திறந்த மாதிரி. உள்ளே என்ஜின், கார்பரேட்டர், முன்சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் வெட்ட வெளிச்சமாக நிற்கும். பெரியப்பா முன்டயரின் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டு பிளக் மாற்றுவார். ஸ்டூல் தேவையில்லை. குனியத் தேவையில்லை. வண்டியே நாற்காலி.

அதே முன்சக்கரம் ஒரு நாள் மடங்கியது. ரயில்வே கேட்டுக்கு முன்னால், நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, வலது சக்கரம் முட்டி போட்டுவிட்டது. தப்பு முழுக்கப் பெரியப்பாவுடையது. அந்தச் சக்கரம் திரும்புகிற இடத்தில், அடியில், மறை போட்ட ஒரு பித்தளைத் துண்டு உண்டு. டிரனியன் என்று பெயர். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. பெரியப்பா அதைப் படித்தும் இருக்கிறார். "ஆயிலா இருந்தா என்ன, கிரீஸா இருந்தா என்ன, வழுக்கினா சரி" என்று வருடக்கணக்கில் கிரீஸை அடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் மறைக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் புகுந்து, அதில் மாட்டியிருந்த இரும்புத் தண்டு துருப்பிடித்து ஒரு நாள் ஒடிந்தது. கேட்டு மூடியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 1989-ல் வண்டியை விற்றார். வாங்கிப் போனவரிடம் அவர் சொன்ன ஒரே புத்திமதி: "கிரீஸ் வைக்காதீங்க."

இந்த வண்டி ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கழன்று வருகிறது என்பது நல்ல கதை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்கு 1950-களின் நடுவில் ஒரு தலைவலி. கார் உடலை அழுத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் ஊர் உலகமெல்லாம் சேசிஸையும் (அதாவது அடிச்சட்டத்தையும்) உடலையும் ஒன்றாகவே செய்கிற முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. மொத்த உடலையும் செய்து தர ஆள் இல்லாமல் போனவர்கள், தனியாக ஒரு சேசிஸ் போட்டு, உடலைப் பல துண்டாகப் பல இடத்தில் செய்து, போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். பழைய முறைக்கே திரும்பிப் போவதுதான். ஆனால் அதன் மேல் உட்கார்ந்த சட்டை டூரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி தைத்தது. கத்தி மாதிரி ஓரங்கள், மெல்லிய தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. 1959 ஏப்ரலில் வெளியிட்டார்கள். லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் ஆட்கள் வந்து, துண்டுகளை மாட்டி, சில நிமிடங்களில் ஒரு முழுக் காரை நிறுத்திக் காட்டினார்களாம். (இந்த 'ஆம்' சந்தேகத்தினால் வந்தது இல்லை, பொறாமையினால் வந்தது.) ஹெரால்டு என்ற பெயர், அப்போது கம்பெனியை நடத்திய அலிக் டிக் வைத்திருந்த படகின் பெயர்.

துண்டாகச் செய்ததில் ஒரு லாபம். ஒரே சேசிஸின் மேல் சலூன் கூரையை மாட்டினால் சலூன் (நாம் வழக்கமாகப் பார்க்கிற மூடிய கார்), கூபே கூரையை மாட்டினால் கூபே, துணி ஹூடு போட்டால் கன்வெர்டிபிள். 1960-ல் கன்வெர்டிபிளும் வந்துவிட்டது. இன்னொரு லாபம், பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் ஹெரால்டு மெட்ராஸுக்கு வந்தது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில். 1961-லிருந்து ஹெரால்டு. உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. கார் வேண்டும் என்றால் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். என்ஜின் கடைசி வரை 948 சி.சி.தான். முதலில் இரண்டு கதவு, பிற்பாடு நம் ஆட்களுக்காக நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. 1972-ல் அதன் வாரிசாக கேஸல் வந்தது.

பெருங்களத்தூர்க் கதவு வழியாக வந்த ஹெரால்டுகள் பெரும்பாலும் சலூன்கள். அப்படியானால் இன்றைக்கு நம் ஊர்க் கல்யாணங்களிலும் பழைய கார் ஊர்வலங்களிலும் தென்படுகிற ஓபன் ஹெரால்டுகள்? பலவும் கூரையைக் கழற்றியவை. கழற்றுவது ஒன்றும் பிரம்ம வித்தை கிடையாது. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் சில போல்ட், பின்னால் சில போல்ட். கதவுக் கண்ணாடிக்கு மேல் சட்டம் இல்லாததால் கதவை மாற்றவும் வேண்டாம். இரண்டு ஆள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் கூரை கையோடு வந்துவிடும். மிச்சத்தை ரெக்சின் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஆக, வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் நானும் மேஸ்திரியும் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். மேஸ்திரியின் மஞ்சள் பையில் ஒரு டார்ச், ஒரு கோரைப்பாய் (வண்டிக்கு அடியில் படுக்க), ஒரு காந்தம். காந்தம் அவர் பேத்தி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த மாம்பழப் பொம்மை.

தோட்டத்து வீடு. பெரியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க வாங்க. ரயில்ல தூக்கம் வந்துதுங்களா? மொதல்ல இளநி குடிங்க, காரு எங்கீம் போயிராது." இளநீர் வெட்டித் தந்தார்கள். அப்புறம் காபி. அப்புறம் இட்லி. விற்கிறவர் அவசரப்படாமல் இருப்பது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று மேஸ்திரி என் காதில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கார் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தகரச் சார்ப்பின் கீழ் நின்றது. மேலே பழைய பருத்திப் புடவைகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. பெரியவரின் மனைவி வந்து அதை மூலையோடு மூலை பிடித்து மடித்த விதத்திலேயே அந்த வீட்டில் காருக்கு என்ன மரியாதை என்று தெரிந்தது. போர்வை விலகியதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு நின்றது. குரோமியம் கண்ணைக் கூசியது. கோயம்புத்தூரில் முலாம் போட்டதாம். உள்ளே கிரீம் நிற ரெக்சின், ஓரமெல்லாம் சிவப்பு பைப்பிங். ஸ்டியரிங்கில் ஒரு கீறல் இல்லை. பழைய எம்.எஸ். நம்பர், கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. நான் மனதுக்குள் பெரியப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய்விட்டும் வந்துவிட்டேன்.

மேஸ்திரி காந்தத்தை எடுத்தார்.

பழைய காரை ரீஸ்டோர் செய்தது என்று சொன்னால் அதில் பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன்னால் டிங்கரிங். துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தார்களா, அல்லது துருவின் மேலேயே பட்டி பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமன் செய்தார்களா என்பதைப் பளபளப்பு சொல்லாது. காந்தம் சொல்லும். தகடு இருக்கிற இடத்தில் மாம்பழம் டக்கென்று ஒட்டும். பட்டி தடிமனாக இருந்தால் வழுக்கிக் கீழே விழும். மேஸ்திரி கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கி ஓரம் என்று ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு போனார். டக், டக், டக். நல்ல வேலை. பெரியவர் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு வந்தார். பரீட்சை பேப்பர் திருத்துகிற வாத்தியாரின் பின்னால் நிற்கிற அப்பா மாதிரி.

முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் மாம்பழம் விழுந்தது. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார், ஒட்டியது. இன்னும் தள்ளினார், விழுந்தது. வரிசையாக ஒரே இடைவெளியில், விரல்நுனி அளவு வட்டங்கள். மேலே ரப்பர் பீடிங்கை லேசாகத் தூக்கிப் பார்த்தால் பட்டி அடைத்த ஓட்டைகள். பின்னால், சீட்டுக்குப் பின்பக்கத் தகட்டிலும் அதே வரிசை. அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். கதவுக்கும் பின்தூணுக்கும் நடுவில் இருக்கிற சந்தில், அடிப்பக்கத்தில் வைத்தார். உள்ளே போய் ஆடியது. அதே நாணயம் மேல்பக்கத்தில் நுழையவே இல்லை. கதவு சட்டம் கோணலாக மாட்டியிருக்கலாம் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்று பாயை விரித்துப் படுத்து, சேசிஸின் நடுவில் பலகை வைத்து ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒரு கட்டத்தில் கதவு 'ணங்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தளர்ந்தது. இப்போது நாணயம் மேலேயும் நுழைந்தது. ஜாக்கியை இறக்கினார். மறுபடி இறுகியது.

கூரை என்பது மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் இருப்பதில்லை. பெட்டிக்கு மூடி மாதிரி அது. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டால் பெட்டி எப்படித் தொய்கிறதோ அப்படித்தான் காரும். ஹெரால்டுக்கு அடியில் தனிச் சேசிஸ் இருப்பதால் ஒரேயடியாக மடங்காமல் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் சுமார் 800 கிலோ வண்டி, பத்துப் பன்னிரண்டு வருடம் நடு வயிற்றில் தொய்ந்தால் கதவுச் சந்து காட்டிக்கொடுத்துவிடும். திறந்த காராகவே பிறந்த ஹெரால்டில் பின்சீட்டே வேறு மாதிரி. மடித்த ஹூடு உட்கார இடம் விட்டுச் சீட்டைக் குறுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் பிறந்திருந்தால் கம்பெனி உள்ளே பொருத்திய வண்டி எண் தகட்டில் கடைசியில் சி.வி. என்று இரண்டெழுத்தும் இருக்கும். இந்தக் காரில் சீட்டு முழு அகலத்துக்கு, சலூன் சீட்டு. ஹூடை நிறுத்துகிற குழாய்கள் கேட்டுக் கம்பி வளைக்கிற பட்டறையில் வளைத்தவை. மடித்தால் உள்ளே போக இடமில்லாமல் டிக்கி மேல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆர்.சி. பார்க்கலாங்களா?" என்றேன்.

பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பாடி வகை என்ற இடத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: சலூன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி ரயில், ஒரு நாள் லீவு. ஆனால் பெரியவர் முகத்தைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர் மாதிரி இல்லை. கேட்டே விட்டேன். "ஐயா, இது சலூன்தானுங்களே. ஒரிஜினல் கன்வெர்டிபிள்னு போட்டிருந்துது."

"கன்வர்ட்டபிளா? அது என்னுங்க?" என்றார். விளம்பரத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, போட்டு, நிதானமாகப் படித்தார். சிரித்தார். "இது மாப்பிள்ளை எழுதுனதுங்க. மெட்ராஸ்ல இருக்கறாரு. அவருக்கு எப்படித் தெரியும்? அவரு இந்தக் காரைப் பாத்ததே கூரை இல்லாமத்தான்."

விஷயம் இதுதான். 12 வருடத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓபன் கார் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். வாடகைக்கு விசாரித்தால் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், கேட்ட காசும் அதிகம். வீட்டில் அப்பா காலத்து ஹெரால்டு நிற்கிறது. பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா வாடகை? அரை நாள் குடுங்க" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்திருக்கிறார். கூரை வந்துவிட்டது. மாலையும் விளக்குமாக, நாதஸ்வரம் முன்னால் போக, விநாயகர் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அந்தக் காரில் நின்றபடி வந்திருக்கிறார். மணப்பெண்ணை விட்டுவிட்டு ஆட்கள் காரைப் படம் எடுத்தார்கள் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். அடுத்த மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், கார் கேட்டார்கள். அதற்கடுத்து இன்னொன்று. கூரையைத் திரும்ப மாட்ட நல்ல நேரமே வரவில்லை. பிற்பாடு ஆசையாகப் பெயிண்ட், சீட்டு, குரோமியம் எல்லாம் செய்தபோது, "இப்படியே அழகா இருக்குதே, இருந்துட்டுப் போவட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் அந்தக் கார் எப்படி வந்ததோ அப்படி எழுதியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அதுதான் ஒரிஜினல்.

ஆனாலும் விலை பேசும்போது இந்தச் சொல்லுக்குக் காசு இருக்கிறது. ஓபன் கார் என்றால் ஒரு விலை, கூரை உள்ள கார் என்றால் வேறு விலை. இதில் அரசாங்கத்தின் கணக்கு நேர் எதிர். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் என்ற அந்தஸ்தும், நடுவில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் நம்பரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். (இங்கிலாந்துக்காரர்கள் கணக்கில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை வந்த கார்கள் மட்டும்தான். அவர்களுக்கு ஹெரால்டு கைக்குழந்தை.) நிபந்தனை என்னவென்றால் சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆக இந்தச் சிவப்பு ஹெரால்டு கூரையில்லாமல் நிற்கிறவரைக்கும் கல்யாணச் சந்தையில் ராணி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேள்விக்குறி.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியை அது பிறந்த கோலத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் ரீஸ்டோர். பிறக்காத கோலத்துக்குக் கொண்டுபோனால் அது அலங்காரம். அலங்காரத்தில் தப்பே இல்லை. ரீஸ்டோர் என்று சொல்லாமல் இருந்தால் போதும். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். வேறு எந்தக் காரின் கூரையை அறுத்திருந்தாலும் எனக்கு ரத்தம் கொதித்திருக்கும். ஹெரால்டின் கூரையை யாரும் அறுக்கவில்லை, கழற்றினார்கள். கழற்றிக்கொள் என்றுதானே கோவென்ட்ரிக்காரன் போல்ட் போட்டுக் கொடுத்தான்?

"ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார் பெரியவர். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. மேஸ்திரி பேனட்டைத் தூக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார். டேப்பெட் சத்தம் சீராக, தையல் மெஷின் மாதிரி. அப்புறம் முன்சக்கரத்துக்கு அடியில் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். கியர் ஆயில். புதுசு. "டிரனியனுக்கு யாருங்க ஆயில் விடுறது?" என்றார். "நாந்தாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா. எங்கப்பாரு சொல்லிக் குடுத்தது." மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் அது வரை இருந்த சந்தேகம் பாதி போயிருந்தது.

ஆழியாறு போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனோம். காலை எட்டு மணி. ஓபன் காரைப் பற்றிப் பழைய பாட்டுக் காட்சிகளில் காட்டுவதெல்லாம் பொய், நம் ஊரில் பத்து மணிக்கு மேல் அதில் உட்கார்ந்தால் வடாம் ஆகிவிடுவோம் என்று நான்தான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாபஸ். எட்டு மணிக்கு அது வேறு உலகம். புளியமர நிழல் ஒவ்வொன்றும் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறது. தேங்காய் நார் மில்லைத் தாண்டும்போது ஊறவைத்த மட்டையின் வாசனை மொத்தமாக மடியில் வந்து விழுகிறது. எதிரே பால் கேனோடு வந்தவர் சைக்கிளை நிறுத்திப் பெரியவருக்கு வணக்கம் வைத்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார், யார் வீட்டு மாப்பிள்ளை என்பது போல. ஐம்பது வயதில் எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் முன்கண்ணாடி சட்டத்தோடு சேர்ந்து ஒரு நடுக்கம் நடுங்கியது. உள்ளே தொங்கிய கண்ணாடியில் பின்சீட்டில் இருந்த மேஸ்திரி மூன்று மேஸ்திரியாகத் தெரிந்தார். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் கேட்டேன். "கூரை எங்கீங்க? பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களா?"

"அட, அதெப்படிப் போடறது? எங்கப்பாரு காருங்க." கொல்லைப்புறம் கூட்டிப்போனார். கிணற்றடியைத் தாண்டி, சீமைப்புல் கட்டுகளுக்குப் பக்கத்தில், நாலு செங்கல் அடுக்கின் மேல் ஹெரால்டின் கூரை உட்கார்ந்திருந்தது. பின்கண்ணாடி அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் மட்டும். வெளிப்பக்கத்தில் பழைய நிறம். சாம்பல் கலந்த நீலம். பன்னிரண்டு வருட வெயிலுக்குப் பிறகும் ஓரத்தில் அந்த நீலம் மிச்சமிருந்தது. மேஸ்திரி மாம்பழத்தை எடுத்து மேலே வைத்தார். டக். நாலு மூலையிலும் வைத்தார். டக், டக், டக், டக். அந்த மொத்த வண்டியிலும் பட்டியே படாத, யாரும் ரீஸ்டோர் செய்யாத ஒரே துண்டு அதுதான்.

சார்ப்பின் கீழ் கட்டில் போட்டுப் பேசினோம். நான் சலூன் விலை சொன்னேன், கூரையையும் சேர்த்து. ஐந்தேகால். அவர் யோசித்தார். உள்ளே போய் அம்மாவிடம் பேசினார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "ஆமாங்க மாப்பிள்ளை, அது மொதல்ல மூடுன காருதான்… ஆமா… உங்க கலியாணத்துக்குத்தான்" என்று நடந்துகொண்டே விளக்கினார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை போலிருக்கிறது. இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்றார். கடைசியில் ஐந்தரைக்கு வந்து நின்றோம். நான் முன்பணம் எண்ணி வைத்தேன். காரை இன்றைக்கே லாரியில் ஏற்றிவிடலாமா, கூரையையும் கட்டி எடுத்துக்கொள்கிறோம் என்று மேஸ்திரி எழுந்தார்.

அப்போதுதான் பெரியவர் முதன்முறையாகத் தயங்கினார்.

"காரை வேணுமுன்னா இப்பவே கொண்டுபோங்க. கூரைதானுங்க… அதுக்கு அடியில கோழி அடை உக்காந்திருக்குது. இன்னிக்கு ஒம்பதாம் நாளு. இப்ப எடுத்தா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்."

மேஸ்திரி விரல் மடக்கி எண்ணினார். இருபத்தொன்றில் ஒன்பது போனால் பன்னிரண்டு.

"சரி, ரெண்டையும் ஒண்ணாவே எடுத்துக்கலாம் தம்பி" என்றார். "புது போல்ட் செட் தேடுறதுக்கும் அவ்ளோ நாள் ஆகும்."